ஓட்டுபவர் குற்றமா, பெட்டிக் குற்றமா?

2018 ஏப்ரல் 26 அன்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், ஃபோர்டு நிறுவனத்தின் அந்நாட்டுக் கிளைக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கார் குலுங்கியதற்காக இல்லை. குலுங்குகிறது என்று வந்து சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக. 'பவர்ஷிஃப்ட்' என்கிற இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டியோடு ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் என்று 70,000க்கு மேற்பட்ட கார்களை அந்த நிறுவனம் அங்கே விற்றிருந்தது. அவற்றில் ஏறத்தாழ பாதி ஒருமுறையாவது பழுதுக்கு வந்தன. பெட்டியில் கோளாறு இருப்பது நிறுவனத்துக்குத் தெரியும். தெரிந்தும், "நீங்கள் ஓட்டும் விதத்தால்தான் குலுங்குகிறது" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களிடம், மேலே பணம் போட்டு வேறு கார் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படித் திரும்பி வந்த கார்களை, அவற்றின் பூர்வகதையைச் சொல்லாமலே வெளியே விற்றார்கள்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் சின்ன விவரம் ஒன்று உண்டு. அங்கே விற்ற எக்கோஸ்போர்ட் கார்கள் நம்மூர்க் கார்கள். சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் செய்து கப்பலேறிப் போனவை.

நான் சிவகாசிக்காரன். "ஓட்டுற விதம்" என்ற சொல்லை என் வீட்டுக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். எங்கள் சித்தப்பா அச்சுத் தொழிலில் இருப்பவர். ஆசைப்பட்டு ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். மூன்று வருடத்தில் அந்த வண்டி நான்கு முறை லாரி முதுகில் ஏறி மதுரைக்குப் போனது. இரண்டு முறை கிளட்ச் தொகுப்பு மாற்றினார்கள், ஒரு முறை பெட்டியின் மூளையான கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றினார்கள். நான்காவது முறை எதையும் மாற்றவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, நீங்க டிராஃபிக்ல ஓட்டுற விதம்தான் கொஞ்சம் பார்க்கணும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். லாரி கிளீனராக ஆரம்பித்து நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "எனக்கு ஓட்டத் தெரியலையாம்ல" என்று மட்டும் சொன்னார்.

பணம் போனதைவிட அந்த வாக்கியம் அவரை அதிகம் அடித்தது. அந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

*

விருதுநகர் வட்டாரத்தில் வண்டி என்றால் முதலில் லாரிதான். எண்ணெய், மல்லி, வத்தல், பருப்பு, பிறகு சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் என்று சரக்கை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த வண்டிகள். காருக்கு வந்தால் அம்பாசடர். அதில் கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். நடுரோட்டில் அது சிக்கிக்கொண்டால் டிரைவர் இறங்கி, பானட்டைத் திறந்து, இணைப்புக் கம்பியைக் கையால் தள்ளிவிட்டு, மறுபடி ஏறி ஓட்டுவார். யாரும் கம்பெனிக்குக் கடிதம் எழுதவில்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் கார் கிடைப்பதற்கே வருடக்கணக்கில் காத்திருந்த காலம். கிடைத்த காரைக் குறை சொல்லும் தெம்பு யாருக்கு இருந்தது?

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பெட்டி அன்றும் கெட்டது, அடிக்கடியே கெட்டது. ஆனால் கெட்டது என்னவென்று கண்ணால் பார்க்க முடிந்தது. மெக்கானிக் ஷெட்டில் பெட்டியை இறக்கி, சாக்கை விரித்து, பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைப்பார்கள். உடைந்த பல் எது, தேய்ந்த பேரிங் எது என்று முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அச்சு இயந்திரங்களுக்கு உதிரி பாகம் கடைந்துகொடுத்த லேத்துப் பட்டறைகள் பக்கத்திலேயே இருந்தன. பழுதுக்குச் சாட்சி உண்டு. "ஓட்டுன விதமா, பாகம் சரியில்லையா" என்ற வழக்கை அந்தச் சாக்கின் மேலேயே தீர்த்துவிடலாம்.

பெட்டி மூடிய பெட்டியாக மாறியபோதுதான் அந்தச் சாட்சி காணாமல் போனது.

*

கிளட்சை மிதிக்காமல் ஓட்டும் ஆசை பழையது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற தானியங்கிப் பெட்டியை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்தியது. அதே 1939வாக்கில் பிரான்ஸில் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பொறியாளர் இன்னொரு வழியை யோசித்தார். ஒரு பெட்டிக்கு இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து என்ற ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சில். இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றில். ஒன்று வேலை செய்யும்போதே அடுத்த கியர் தயாராக நிற்கும். போர் வந்ததால் அது ஆலைக்குப் போகவில்லை. எண்பதுகளில் போர்ஷே பந்தயக் கார்களில் திரும்பி வந்து, 2003இல் ஃபோக்ஸ்வாகன் வழியாகத் தெருவுக்கு இறங்கியது.

முதலில் வந்த பெட்டியில் கிளட்ச் எண்ணெயில் நனைந்திருந்தது. அடுத்து, 2008இல், சின்னக் கார்களுக்காக ஏழு கியர் கொண்ட உலர் கிளட்ச் பெட்டி வந்தது. எடை குறைவு, எரிபொருள் மிச்சம். ஆனால் கிளட்ச் என்பதே உராய்வை வைத்து நடக்கும் காரியம். நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமலும் முழுதாக விடாமலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கினால் சூடு. எண்ணெய் இருந்தால் அது சூட்டை வாங்கிக்கொள்ளும். உலர் கிளட்சுக்குக் காற்றுதான் கதி. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், ரயில்வே கேட்டுக்கு முன்னால், பார்சல் லாரிகளுக்கு நடுவில் சிவகாசியில் என்ன காற்று கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மழை குறைவு, காய்ந்த காற்று என்பதால்தான் தீப்பெட்டியும் அச்சும் பட்டாசும் இந்த ஊரில் வேர் பிடித்தன. எங்கோ வடிவமைத்த உலர் கிளட்ச் வந்து இறங்கியது இந்த வெயிலில்தான்.

வெப்பநாடுகளில் அந்த ஏழு கியர் பெட்டி தடுமாறத் தொடங்கியது. சீனாவில் புகார்கள் பெருகியதும் 2012இல் ஃபோக்ஸ்வாகன் அங்கே பெட்டியின் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டியது. 2013 மார்ச் 15, நுகர்வோர் தினத்தன்று, சீன அரசுத் தொலைக்காட்சி இந்த விவகாரத்தை நாடறியச் சொன்னது. சில நாட்களில் 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஆண்டின் ஜூனில் ஆஸ்திரேலியாவில் சுமார் 26,000 கார்கள். நவம்பரில் உலகளவில் 16 லட்சம் கார்களுக்குப் பெட்டியின் செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுத் தாது எண்ணெய் ஊற்றுவதாக அறிவிப்பு வந்தது. வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊர்களில், நின்று நின்று ஓட்டும்போது, அந்தச் செயற்கை எண்ணெய் மின்கோளாறு உண்டாக்கலாம் என்பது காரணம்.

கவனியுங்கள். இத்தனை பேர் ஓட்டும் விதத்தை யாரும் மாற்றவில்லை. எண்ணெயைத்தான் மாற்றினார்கள்.

ஃபோர்டும் அமெரிக்காவில் இதே பாதையில்தான் போனது. பவர்ஷிஃப்ட் பற்றிய கூட்டு வழக்கு 2012இல் தொடங்கியது. 2014இல் கிளட்சுக்கான வாரண்டி 7 ஆண்டாக நீட்டப்பட்டது. வழக்கு சமரசமாகி முடிய 2020 ஆனது. இடையில், 2019இல், டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் ஒரு பெரிய புலனாய்வை வெளியிட்டது: பெட்டி சரியில்லை என்ற எச்சரிக்கை, கார் விற்பனைக்கு வரும் முன்பே நிறுவனத்துக்குள் எழுந்திருந்தது. இந்திய எக்கோஸ்போர்ட்டிலும் முதலில் ஆறு கியர் இரட்டைக் கிளட்ச் இருந்தது. 2017 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டு டார்க் கன்வர்ட்டர் வைத்தார்கள். ஏன் என்று வாடிக்கையாளரிடம் யாரும் விளக்கவில்லை.

*

எங்கள் பக்கம் புது வண்டி வாங்கினால் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கோ பத்திரகாளியம்மன் கோயிலுக்கோ போய், நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அமெரிக்காவில் மாறி மாறிக் கெட்டுப்போகும் காருக்கே எலுமிச்சை என்றுதான் பெயர். 1970இல் ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற பொருளியலாளர் இந்த எலுமிச்சைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே எப்படிக் கெடும் என்பது அதன் சாரம். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதல் 'எலுமிச்சைச் சட்டம்' இயற்றியது. ஒரே கோளாறுக்கு இத்தனை முறை பழுதுபார்த்தும் சரியாகவில்லை என்றால், கார் மாற்று அல்லது பணம் திரும்ப. எண்ணிக்கையைச் சட்டமே சொல்லிவிட்டது. பின்னர் மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

இந்தியாவில் அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. 1986 டிசம்பர் 24இல் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெரிய வாசலைத் திறந்தது உண்மை. ஆனால் உள்ளே போனவர் 'உற்பத்திக் குறைபாடு' என்று நிரூபிக்க வேண்டும். நிபுணர் அறிக்கை, ஆய்வகச் சோதனை எல்லாம் வேண்டும். மூடிய பெட்டியைத் திறந்து படிக்கும் கருவியோ அந்தக் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் இருக்கிறது.

2006இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மாருதி கார் வழக்கு வந்தது. கிளட்ச் கோளாறுதான். காரையே மாற்றித் தர வேண்டும் என்ற கீழ் ஆணையங்களின் முடிவை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டியில் எழுதியிருப்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது. அதற்கு மேல் கேட்க முடியாது என்றது. சட்டப்படி அது நேரான வாசிப்பு. ஆனால் மாற்றிய பாகமும் கெட்டு, மாற்றியதற்கு மாற்றியதும் கெட்டால்? பாகம் பாகமாக நியாயம் கிடைத்துக்கொண்டே இருக்கும், கார் மட்டும் கிடைக்காது.

2020 ஜூலை 20 முதல் அமலான புதிய நுகர்வோர் சட்டம் இரண்டு விஷயங்களை மாற்றியது. உற்பத்தியாளரின் பொறுப்புக்குத் தனி அத்தியாயம் வந்தது. அதைவிட முக்கியம், நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. சிவகாசியிலிருந்து டவுன் பஸ் தூரம். 50 லட்சம் வரை மதிப்புள்ள வழக்கை அங்கே போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் ஒரு கதவைத் திறந்தது: 2021 ஏப்ரல் 1 முதல், ஒரே மாடலுக்குக் குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால், அந்தக் கார்களைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். புகார் சேர்ந்தால் என்பதுதான் முக்கியம். மனதுக்குள் புழுங்குவது கணக்கில் வராது.

*

சிவகாசிக்காரனாக இருப்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. உயிர் போனதையும் கார் கெட்டதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. காரணம் சொல்லும் விதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பட்டாசு ஆலையில் விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரி தவறாமல் வரும்: "மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வால்." கலந்தவர் கை தப்பு செய்தது போல ஒலிக்கும் வரி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, பிறகு வெளிவந்த விவரங்கள் வேறு கதை சொல்லின. நிறுத்திவைக்கப்பட்ட உரிமம், அளவுக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து. உராய்வு கடைசிக் காரணம். முதல் காரணங்களெல்லாம் வேறு மேசைகளில் நடந்தவை. கடைசியாகப் பொருளைத் தொட்டவர் மீது பழியை வைப்பது எல்லாருக்கும் வசதி. அவர் தொழிலாளியாக இருந்தாலும் சரி, டிரைவராக இருந்தாலும் சரி.

"ஓட்டுற விதம்" என்ற வாக்கியத்தின் வேலையும் இதுதான். அது ஒரு தொழில்நுட்பக் கேள்வியைக் குணநலன் கேள்வியாக மாற்றிவிடுகிறது. பெட்டி எப்படி என்று கேட்கப் போனவர், நான் எப்படி என்று யோசித்துக்கொண்டே திரும்புகிறார். ஆஸ்திரேலியாவில் பல ஆயிரம் பேர் ஒரே பதிலைப் பெற்றார்கள் என்று ஒரு பொது அமைப்பு கணக்கெடுத்த பிறகுதான், அது தனி மனிதர்களின் ஓட்டும் பழக்கம் இல்லை என்று வெளிச்சமானது. சீனாவில் அதைத் தொலைக்காட்சி செய்தது. நமக்கு அவரவர் கையிலிருக்கும் ஜாப் கார்டுதான் சாட்சி. வண்டி விட்ட தேதி, கிலோமீட்டர், நாம் சொன்ன குறை நம் வார்த்தையிலேயே, மாற்றிய பாகம், மாற்றவில்லை என்றால் ஏன் மாற்றவில்லை என்பது. அன்று சாக்கின் மேல் வரிசையாக வைத்த பல்சக்கரங்களின் இடத்தில் இன்று இந்தத் தாள்கள்தான் இருக்கின்றன. வாயால் சொன்னால் போதும் என்று விட்டுவிடும் தாராளம் நம்மிடம் அதிகம்.

2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு ஓய்ந்தது. அங்கே செய்து கடல் கடந்த கார்களுக்காக ஒரு நீதிமன்றம் பேசியது, ஒரு கோடி டாலர் எண்ணி வைக்கச் சொன்னது. கடல் கடக்காமல் அதே ஆலையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கிய கார்களுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. ஆலை ஒன்றுதான். கேள்வி கேட்க ஓர் அமைப்பு அங்கே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.