இணைவாரி மென்பொருள் சோதனை: விளைநிலத்திலிருந்து கணினிக்கு

ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கக்கூடிய உள்ளீடுகள் அனைத்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டால் அதில் பிழை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்று நமக்குத் தோன்றும். அது நடவாத காரியம் என்பதை நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1970 வாக்கில் ஒரு எளிய கணக்கால் காட்டினார். 27 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கும் ஒரு கருவியை அவர் எடுத்துக்கொண்டார். எல்லா எண் இணைகளையும் சோதிக்க 2-இன் 54ஆம் அடுக்கு அளவு பெருக்கல்கள் தேவை. அன்றைய கணினியின் வேகத்தில் அதை முடிக்கப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, பிழை இல்லை என்று நிறுவ முடியாது என்றும் அவர் சொன்னார்.

ஆகவே சிலவற்றை மட்டுமே சோதிக்க முடியும். அந்தச் சிலவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? வினாத்தாள் தயாரித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். மூன்று மணி நேரத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் தொட்டாக வேண்டும்.

முதலில் வந்த முறைகள் ஒவ்வொரு உள்ளீட்டையும் தனித்தனியாகக் கவனித்தன. கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட நூல் இவற்றைப் பரவலாக்கியது. ஒரே விதமாக நடத்தப்படும் மதிப்புகளை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒன்றைச் சோதிப்பது ஒரு முறை. குழுவின் விளிம்பில் உள்ள மதிப்புகளைச் சோதிப்பது மற்றொன்று. நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 52, 61, 78 என்று அடுக்குவதில் பயனில்லை. 34, 35, 0, 100, இவற்றோடு செல்லாத -1, 101 ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். "35க்கு மேல்" என்பதையும் "35 அல்லது அதற்கு மேல்" என்பதையும் நிரலர் குழப்பிக்கொண்டிருந்தால் 35 என்ற ஒரே எண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பல பிழைகள் தனி உள்ளீட்டால் வருவதில்லை. இரண்டு நிலைகள் சேரும்போதுதான் வெளிப்படுகின்றன. அந்தச் சேர்க்கைகளைக் கையாளும் முறை கணினித் துறைக்கு வெளியிலிருந்து வந்தது.

வயலில் தொடங்கியது

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வயலில் எல்லாப் பகுதியும் ஒரே வளத்தோடு இருப்பதில்லை. நல்ல மண்ணில் இட்ட உரம் நல்ல உரமாகத் தெரிந்துவிடும். அவர் வயலைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு உரமும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒரே ஒருமுறை வரும்படி அமைத்தார். ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த இலத்தீன் சதுரம்தான் இது.

இதைப் பொதுமைப்படுத்தியவர் சி. ஆர். ராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1920இல் பிறந்த இவர், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றியபோது 1947இல் ஆர்த்தோகோனல் அரே எனப்படும் அட்டவணைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இந்த அட்டவணையில் எந்த இரண்டு நிரல்களை எடுத்தாலும், அவற்றில் வரக்கூடிய மதிப்பு இணைகள் எல்லாம் சம எண்ணிக்கையில் இருக்கும். நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்புகள் என்றால் மொத்தச் சேர்க்கைகள் 81. ஒன்பதே வரிசைகள் கொண்ட அட்டவணை எல்லா இணைகளையும் அடக்கிவிடும். 1954-55இல் இதே கழகத்துக்கு வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகுச்சி, பின்னர் இத்தகைய அட்டவணைகளைத் தொழிற்சாலைகளின் தர மேம்பாட்டுக்குக் கொண்டுசென்றார்.

கணினிக்கு வந்தது

1985இல் ராபர்ட் மாண்டல், ஏடா மொழியின் கம்பைலர்களைச் சோதிக்க இலத்தீன் சதுரங்களைப் பயன்படுத்தியதை எழுதினார். ஜப்பானில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் கெய்சோ தட்சுமி 1987இல் இதே வழியில் ஒரு சோதனை வடிவமைப்பு முறையை வெளியிட்டார். 1992இல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம், தன் ஸ்டார்மெயில் மின்னஞ்சல் மென்பொருளை ஆர்த்தோகோனல் அட்டவணைகள் கொண்டு சோதித்த அனுபவம் அச்சில் வந்தது.

முறை எப்படி என்பதைச் சிறிய எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பயணச்சீட்டு பதிவு செய்யும் ஒரு தளம். கருவி: கைபேசி அல்லது கணினி. மொழி: தமிழ் அல்லது ஆங்கிலம். பணம் செலுத்துவது: அட்டை அல்லது யுபிஐ. மொத்தம் எட்டுச் சேர்க்கைகள். ஆனால் நான்கு போதும்: கைபேசி-தமிழ்-அட்டை, கைபேசி-ஆங்கிலம்-யுபிஐ, கணினி-தமிழ்-யுபிஐ, கணினி-ஆங்கிலம்-அட்டை. எந்த இரண்டு மதிப்புகளை இணைத்துக் கேட்டாலும் இந்த நான்கில் ஒன்றில் இருக்கும். எட்டு நான்காவது பெரிய இலாபமாகத் தோன்றாது. காரணிகள் கூடக்கூடத்தான் இதன் அருமை தெரியும்: பத்து சுவிட்சுகளுக்கு 1,024 சேர்க்கைகள், எல்லா இணைகளையும் பார்க்க 6 சோதனைகள் போதும்.

இங்கே ஒரு முக்கியமான திருப்பம் நிகழ்ந்தது. வயலில் சராசரிகளை ஒப்பிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு இணையும் சம எண்ணிக்கையில் வர வேண்டும். மென்பொருள் சோதனையாளருக்கு அந்தச் சமநிலை தேவையில்லை. பிழை ஒருமுறை வெளிப்பட்டால் போதும். மும்மதிப்புக் காரணிகள் 13 இருந்தால் சேர்க்கைகள் 15,94,323. ஆர்த்தோகோனல் அட்டவணைக்கு 27 வரிசைகள் வேண்டும்; "ஒருமுறையாவது" என்று தளர்த்திக்கொண்டால் 15 போதும். மேலும் மென்பொருளில் சில சேர்க்கைகள் நடக்கவே முடியாதவை. ஆப்பிள் கைபேசியில் ஆண்ட்ராய்டு செயலி ஓடாது. அத்தகைய வரிசையை நீக்கினால் சமநிலை அட்டவணை குலைந்துவிடும். பெல்கோர் நிறுவனத்தின் டேவிட் கோஹன், சித்தார்த்த தலால், மைக்கேல் ஃபிரெட்மன், கார்ட்னர் பாட்டன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஏஇடிஜி முறை சமநிலையைக் கைவிட்டு, ஒவ்வொரு படியிலும் இதுவரை வராத இணைகளை அதிகம் அடக்கும் சோதனையைத் தேடிச் சேர்த்தது. இந்த வரலாற்றில் பெரிய அடி இதுதான் என்பது என் கருத்து.

இரண்டிரண்டாகப் பார்த்தால் போதும் என்பதற்கு என்ன ஆதாரம்? அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்டின் டோலோரஸ் வாலஸ், ரிச்சர்ட் குன் இருவரும் 1983 முதல் 1997 வரை திரும்பப் பெறப்பட்ட மருத்துவக் கருவிகளின் பதிவுகளில் 342 மென்பொருள் கோளாறுகளை ஆராய்ந்தனர்.  போதிய விவரம் இருந்த 109இல் நூற்றுக்கு 97க்குக் குறையாதவை, இணைகளைச் சோதித்திருந்தாலே சிக்கியிருக்கக்கூடியவை. ஆனால் ஓர் இணைய உலாவியின் பிழைகளை ஆராய்ந்தபோது இணைகளால் 76 விழுக்காடுதான் பிடிபட்டிருக்கும் என்று தெரிந்தது. மீதிக்கு மூன்று, நான்கு, அரிதாக ஆறு நிலைகள் வரை ஒன்றுசேர வேண்டியிருந்தது. குன், வாலஸ், ஆல்பர்ட் காலோ ஆகியோர் இதை 2004இல் தொகுத்து எழுதினர்.

அதே ஆண்டில் ஜேம்ஸ் பாக், பாட்ரிக் ஷ்ரோடர் இருவரும் இம்முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதைக் கண்டித்தனர். கண்டனம் நியாயமானதே. நம் பயணச்சீட்டுத் தளத்தையே பாருங்கள்: கைபேசி, தமிழ், யுபிஐ மூன்றும் ஒன்றாக வரும் சேர்க்கை அந்த நான்கு சோதனைகளில் இல்லை. தமிழ்நாட்டில் பயணிகள் மிகுதியாகப் பயன்படுத்தக்கூடிய சேர்க்கை அது. அதை ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. பயன்படுத்துவோரை அறிந்தவர்தான் சேர்க்க வேண்டும். இன்று மைக்ரோசாஃப்டின் பிக்ட், நிஸ்டின் ஏக்ட்ஸ் போன்ற இலவசக் கருவிகள் அட்டவணையை நொடிகளில் போட்டுத் தருகின்றன. ஏக்ட்ஸ் ஆறு காரணிச் சேர்க்கை வரை செல்லும். எந்தக் காரணிகளை, எந்த மதிப்புகளை உள்ளே கொடுப்பது, ஒவ்வொரு சோதனைக்கும் சரியான விடை எது என்பவற்றைச் சோதனையாளரே தீர்மானிக்கிறார்.