நீரும் எச்சிலும்: மைசூர் மிஷனின் ஒரு பழைய வழக்கு

போன மாசம் வாடிக்கையாளர் ஒருவர் பேரனின் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டார். கூட நின்ற இன்னொரு கிறிஸ்தவ அன்பர், "விசுவாசம் இருந்தால் போதாதா, தண்ணீர் எதுக்கு?" என்றார். சமணனாகிய நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நம் மைசூர்ச் சீமையையும் தொட்ட வழக்கு ஒன்று உண்டு.

1649இல் லியோனார்தோ சின்னாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மிஷனைத் தொடங்கினார். மதுரையில் தெ நோபிலி காட்டிய வழிதான், நாட்டு வழக்கத்தைக் கெடுக்காமல் மதம் சொல்வது. ரோமச் சடங்கில் குரு தம் எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைப்பார். எச்சில் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறவர்கள் நம்மவர்கள். ஆகவே பாதிரிமார் எச்சிலை விட்டுவிட்டார்கள், தண்ணீரை விடவில்லை.

1704இல் பாப்பரசரின் தூதர் டூர்னோன், எச்சிலை விடக்கூடாது என்று புதுச்சேரியிலிருந்து ஆணை போட்டார். மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்கள் மூன்றுக்கும் அது பொருந்தும். பறையர் வீட்டு நோயாளியைக் குருமார் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் உண்டு. அந்த அருவருப்பில் சுத்தம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று நாம்தான் யோசிக்கணும். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்துவைத்தார். மிஷனரிகள் செய்துவந்த சத்தியப் பிரமாணம் 1940இல்தான் நீங்கியது. 1969இல் வந்த குழந்தை ஞானஸ்நான முறையில் எச்சில் இல்லை.

இரு கட்சியும் தண்ணீரில் கை வைக்கவில்லை, கவனியுங்கள். எச்சிலுக்கு ஆதாரம் மாற்கு 7:33இல் இயேசு செய்த ஒரு செயல். ஞானஸ்நானத்துக்கு மத்தேயு 28:19இல் கட்டளையே இருக்கிறது. அங்கே தண்ணீர் என்ற சொல் இல்லையே என்று குவேக்கர்கள் வாதிடுவார்கள். அவர்களிடம் ஞானஸ்நானமே கிடையாது. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 10:47இல், ஆவியைப் பெற்றுவிட்டவர்களுக்கும் தண்ணீரைத் தடுக்கலாமா என்று பேதுரு கேட்கிறார். கடை அன்பரின் கேள்விக்கு அந்த நூலிலேயே கிடைக்கும் பதில் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

எங்களுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு. திகம்பரரில் தேராபந்தியார் ஜினருக்கு நீர் அபிஷேகம் போதும் என்பார்கள். பீசபந்தியார் பால், தயிர் எல்லாம் வேண்டும் என்பார்கள். இரண்டு கட்சிக்காரரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி, முகம் திருப்பிக்கொண்டு போனதும் உண்டு.

நாற்பது வருஷமாக மூட்டை நிறுக்கிறவன் நான். சாக்கு எடையைக் கழித்துத்தான் விலை போடுவோம். ஆனால் சாக்கு இல்லாமல் அரிசி ஊர் வந்து சேர்ந்ததும் இல்லை. எது சாக்கு, எது அரிசி என்று பிரிக்கிறபோது, எதிரே இருப்பவரை இழந்துவிடாமல் பிரிக்கணும்.