யாழ்ப்பாணம் பழைய பூங்கா: பிள்ளைகளோடு ஒரு மாலைப்பொழுது

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில், கண்டி வீதியோரம், கச்சேரிக்கு அருகே அமைந்துள்ளது பழைய பூங்கா. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இதனைக் கடந்து செல்கின்றனர். ஆனால் இதற்கு ஏன் 'பழைய' என்ற பெயர் வந்தது என்பது எமது பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

1829 முதல் 1867 வரை வடபகுதியை நிர்வகித்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1833இல் வடமாகாணம் உருவாக்கப்பட்டபோது அதன் அரசாங்க அதிபராக இருந்தவரும் அவரே. ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் அதிகாரத்தில் இருந்ததால் 'வடக்கின் ராசா' என்று அழைக்கப்பட்டார். அவர் இங்கே தனது வாசஸ்தலத்தையும் அதனைச் சூழ மரத்தோட்டத்தையும் அமைத்தார். அவருக்குப் பின் வந்த அரசாங்க அதிபர்களும் இங்கேயே வசித்தனர். அந்தத் தோட்டமே இன்றைய பழைய பூங்கா.

ஆறுகள் இல்லாத, சுண்ணக்கல் நிலமான குடாநாட்டில் இவ்வாறான மரச்சோலை அரிது. வெயில் நேரத்தில் வீதியிலிருந்து உள்ளே கால் வைத்தால் வெப்பம் குறைவதைப் பிள்ளைகளே உணர்வர். மரங்கள் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

எப்போது செல்லலாம்?

பங்குனி முதல் புரட்டாதி வரை வெயில் கடுமையாக இருக்கும். காலையோ, மாலை நான்கு மணிக்குப் பின்னரோ செல்வது நல்லது. ஒக்டோபரில் மாரி தொடங்கும்போது, இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் இலங்கைக்கு வரும். சருகுகளைக் கிளறி இரை தேடும் அப்பறவை, காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்றது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வந்து, காலம் மாறியதும் சொந்த இடம் திரும்பும் பறவையின் கதை எமது பிள்ளைகளுக்கு இலகுவில் விளங்கும்.

என்ன செய்யலாம்?

- விழுந்த இலைகளில் ஐந்து வகை பொறுக்கச் சொல்லுங்கள். வேம்பை எல்லாப் பிள்ளைகளும் கண்டுபிடிப்பர். மற்றவற்றின் பெயரை அம்மம்மா, தாத்தாவிடம் கேட்கட்டும்.
- பெரிய மரமொன்றை எத்தனை பிள்ளைகள் கைகோர்த்தால் கட்டிப்பிடிக்கலாம் என்று பாருங்கள்.
- ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கேட்ட சத்தங்களை எழுதச் சொல்லுங்கள்.
- குடிநீர், தொப்பி, குப்பை போட ஒரு பை என்பவற்றை மறக்க வேண்டாம்.

இடிந்த சுவர்கள்

போரில் சிதைந்த பழைய கச்சேரிக் கட்டடத்தின் சுவர்கள் அருகிலேயே நிற்கின்றன. அவற்றின் மீது ஏறவோ, உள்ளே ஓடி விளையாடவோ அனுமதிக்காதீர்கள். கற்கள் எந்நேரமும் பெயரலாம். எங்கேனும் அறிமுகமில்லாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் இவ்வேளையில் நினைவூட்டுங்கள்.

"இதை யார் உடைச்சது?" என்று பிள்ளை கேட்கும். கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். இங்கே யுத்தம் நடந்தது, மனிதர்களும் வீடுகளும் அழிந்தன, நாங்கள் தப்பி வந்தோம் என்று வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொன்னால் போதும். 1995 ஒக்டோபர் 30 இரவு, குடாநாட்டு மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்ததும் இந்தக் கண்டி வீதியால்தான். அந்த இரவில் நடந்தவர்கள் பலர் இன்று பேரப்பிள்ளைகளின் கைபிடித்து இவ்வீதியில் நடக்கின்றனர். அவர்களுக்குச் சொல்ல விருப்பமிருந்தால், மரநிழலில் ஒரு வாங்கிலில் அமர்ந்து சொல்லட்டும். விருப்பமில்லையெனில் வற்புறுத்த வேண்டாம்.

கட்டடத்தை ஓரிரு வருடங்களில் திரும்பக் கட்டலாம். நூறாண்டு மரத்தை அவ்வாறு கொண்டுவர முடியாது. நகரில் எஞ்சியுள்ள இச்சோலையை நாளை காக்க வேண்டியவர்கள் இன்றைய பிள்ளைகளே. அதற்கு முதலில் அவர்கள் இதனை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.