டிராம்பேயில் படித்த அந்த ஒரு வருடம்

போன வாரம் என் பெண்ணின் கம்யூனிட்டி காலேஜ் மதிப்பெண் பட்டியலோடு இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடத்தில் வாங்கிய கிரெடிட் அத்தனையும் அரைமணி நேரத்தில் கணக்கில் ஏறிவிட்டது. நியூ ஜெர்சியில் அதற்கு 2007-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் எனக்கு செம்பூர் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது.

பெரியப்பா டிராம்பே டிரெய்னிங் ஸ்கூலில் படித்தவர். எழுபதுகளில் மேல்படிப்புக்காக ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். "அந்த ஒரு வருடத்துக்கு என்ன பட்டம்?" என்று கேட்டார்கள். பட்டம் கிடையாது, சான்றிதழ்தான். அப்படியானால் கணக்கில் வராது என்று பதில் வந்தது. ரிட்டையர் ஆகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1956 ஆகஸ்டில் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்க ஆரம்பித்தது. உலை வந்துவிட்டது, ஆள் வேண்டுமே? அந்தப் படிப்பைக் கல்லூரிகளில் தேடிப் பயனில்லை என்று ஹோமி பாபா 1957-ல் அங்கேயே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்ஜினியரிங்கோ எம்.எஸ்ஸி.யோ முடித்தவர்களைப் பொறுக்கியெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, ஒரு வருடம் வகுப்பு, பரீட்சை என்று பிழிந்தெடுப்பார்கள். தேறினால் வேலை.

பட்டம் மட்டும் கொடுக்க முடியாது. காரணம் 1956-ம் வருடத்து பல்கலைக்கழக மானியக் குழு சட்டம். பல்கலைக்கழகமோ, அதற்கு நிகராக அறிவிக்கப்பட்ட நிறுவனமோ, நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் பட்டம் தரலாம் என்கிறது அதன் 22-வது பிரிவு. பாடம் எவ்வளவு கடினம் என்பது அங்கே கேள்வியே இல்லை.

அந்தப் பள்ளியில் படித்து 1964-ல் வேலைக்குச் சேர்ந்தவர் அனில் ககோட்கர். அவருடைய முதுகலைப் பட்டம் 1969-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வாங்கியது. பின்னாளில் அவர் அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தபோதுதான், 2005-ல், ஹோமி பாபா தேசிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. டிராம்பேயோடு நம் கல்பாக்கமும், தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும் அதற்குள் வந்தன. இப்போது இன்ஜினியர்களுக்கு அந்த ஒரு வருட வகுப்பு கிரெடிட்டாக நிற்கிறது. இன்னொரு வருடம் புராஜெக்ட் செய்தால் எம்.டெக். கைக்கு வரும்.

1957-லிருந்து 2005 வரை, 48 வருடம்! படிப்பு அன்றே இருந்தது. அதைப் பட்டக் கணக்கில் எழுதத்தான் நோட்டு இல்லை.

2021-ல் மானியக் குழு 'கிரெடிட் வங்கி' விதிகளையும் கொண்டுவந்தது. ஒரு கல்லூரியில் சேர்த்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்ளலாம், பொதுவாக ஏழு வருடம்வரை செல்லும்.

பெரியப்பாவின் சான்றிதழ் இன்னும் செம்பூர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது பாதியில் விட்ட படிப்பு இருக்கும். மார்க் ஷீட்டோடு அந்த வருடத்துப் பாடத்திட்டத்தையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அதையும் கேட்கும்.