அரிவாள் போட்ட குட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வச்சிருக்கிறவன் கையில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வெட்டுக் கருவி இருக்கும். கவாத்துக்குக் கத்தரி, புல்லுக்குப் பண்ணருவாள், வேலிக்கு வெட்டருவாள். இதுக்கு நடுவுல, பாரிஸில் வேலை பார்க்கிற அக்கா மகன் போன மாசம் ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்து கொடுத்தான். ஒப்பினெல் கம்பெனியோட எட்டாம் நம்பர் தோட்டக் கத்தி. விலை கேட்டேன். அங்கே ஓட்டல்ல ஒரு வேளை சாப்பிடுற காசுதானாம்.

விரிச்சா கிளி மூக்கு மாதிரி உள்பக்கம் வளைஞ்ச அலகு, பீச் மரத்துல பிடி. மடக்கினா சட்டைப்பையில் அடங்கிடும். ஒரு வாரம் பந்தலுக்கு அடியில் அதை வச்சு வேலை செஞ்சேன். கை பழகப் பழக, இதை எவன் யோசிச்சான்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா கதை கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போகுது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்று ஒருவர் இருந்தார். ஸ்பெயினில் பிறந்து ரோமில் வாழ்ந்தவர். விவசாயம் பற்றி லத்தீனில் பெரிய நூல் எழுதியவர். திராட்சைக் கொடி வெட்டும் கத்திக்கு ஆறு பாகம் உண்டு என்று அதில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தள்ளி வெட்ட நேரான வாய், இழுத்து வெட்ட வளைவு, செதுக்க ஒரு பாகம், குடைய மூக்கு, கொத்த முதுகில் ஒரு சின்னக் கோடாலி, இண்டு இடுக்குக்கு முனை. ஒரே இரும்பில் ஒரு பட்டறையே இருந்திருக்கு!

அந்த ஆறில் இன்னிக்கு என் கையில் மிஞ்சியிருப்பது அந்த வளைவுதான். அது மிஞ்சினதுக்குக் காரணம் உண்டு. நேரான கத்தியை இழுத்து வெட்டினா குச்சி முனைப் பக்கம் வழுக்கி நழுவிடும். வளைவு இருந்தா குச்சி உள்ளேயே சிக்கிக்கும். இழுக்க இழுக்க வாய் அதைக் கவ்விக்கிட்டே அறுக்கும். நம்ம கருக்கருவாள் நெல்லுத் தாளை அறுக்கிறதும் இதே சூத்திரம்தான்.

பிரான்சில் வெட்டருவாளுக்கு ‘செர்ப்’ என்று பெயர். இந்தச் சின்ன வளைந்த கத்தி ‘செர்பெட்’, அதாவது குட்டி அரிவாள். கொடி கவாத்தும் குலை அறுப்பும் அங்கே காலங்காலமாக இதில்தான் நடந்தது. அதுக்குப் போட்டி வந்தது 1815 வாக்கில். பதினாறாம் லூயி மன்னரிடம் கடற்படை அமைச்சராக இருந்த பெர்த்ராண்ட் தெ மோல்வில், ஒரு கையால் வெட்டும் கவாத்துக் கத்தரியை உருவாக்கினார். பழக்கமில்லாத ஆளும் வேகமாக வெட்டலாம், விரலுக்கும் ஆபத்து குறைவு. மெதுமெதுவாக செர்பெட் பின்னுக்குப் போனது. எங்க பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அப்போ அந்தக் கத்தரிக்கு 17 வயசுதான்.

பின்னுக்குப் போன கத்தி இன்னிக்கு வரைக்கும் எப்படிப் பிழைச்சுக் கிடக்கு? அதுக்கு சவோய் மலைக்குப் போகணும். 1860-ல்தான் பிரான்சோடு சேர்ந்த ஆல்ப்ஸ் நாடு அது. அங்கே ஒப்பினெல் குடும்பம் கொல்லுப்பட்டறை வச்சு கோடாலியும் வெட்டருவாளும் அடிச்சுக்கிட்டிருந்தது. அந்த வீட்டுப் பையன் ஜோசப் 1890-ல், தன் 18 வயசில், விவசாயிகள் பையில் வச்சுக்கிற மாதிரி எளிமையான ஒரு மடக்குக் கத்தி செஞ்சான். 1897-ல் அதுக்கு 1 முதல் 12 வரை நம்பர் போட்டு, பன்னிரண்டு அளவாக்கினான். மரப்பிடி செய்யத் தானே ஒரு மெஷினும் உருவாக்கினான். பிடியைக் கையால் செதுக்குற நேரம் மிச்சமானதும் விலை இறங்குச்சு. விலை இறங்கினதும் கூலிக்காரன் பையிலும் கத்தி ஏறுச்சு. 1909-ல் கிரீடம் வச்ச கையை முத்திரையாகப் பதிவு செஞ்சார்கள்.

ஆரம்பத்தில் இதுக்குப் பூட்டு கிடையாது. அசந்தா அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்துடும். 1955-ல் அதே குடும்பத்து மார்செல் ஒப்பினெல் ஒரு வளையம் கண்டுபிடிச்சார். திருகினா அலகு நின்ன இடத்துல நிக்கும். அலகு, பிடி, ஒரு ஆணி, அசையாத வளையம், திருகுற வளையம்: மொத்தமே ஐந்து உருப்படிதான்.

இனி என் அனுபவம். பச்சைக் கிளைக்குச்சி, குலைக்காம்பு, சணல் கட்டு எல்லாத்துலயும் சுகமாப் போகுது. கத்தரியில் தாங்குற பக்கம் குச்சி லேசா நசுங்கும். இதுல வெட்டு கண்ணாடி மாதிரி விழுது. முத்தின கட்டைக்கு இது ஆகாது. மழை ஈரத்துல மரப்பிடி ஊதி அலகு இறுகிடுது. சவோய்க்காரங்க பிடியோட அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி அலகை வெளியே எடுப்பாங்களாம். நான் பந்தக்கால்ல தட்டுறேன். சாணைதான் கொஞ்சம் வம்பு. தட்டைக் கல் உள்வளைவுக்குள்ளே போகாது. உருண்டைக் குச்சியில் உப்புத்தாள் சுத்தித் தேய்ச்சுக்கணும்.

ஒருநாள் இதை எங்க ஊர் ஆசாரிகிட்டக் காட்டினேன். எங்கப்பா காலத்துல இருந்து எங்களுக்கு அருவாள் அடிச்சுக் கொடுத்தவர். ரெண்டு வருஷமா துருத்தி ஓடலை. கடையில் ரெடிமேடா வாங்குறவங்கதான் அதிகம். வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தார். பெருவிரலால் வாயைத் தடவினார்.

“இரும்பு ஒண்ணும் பெரிய விசேஷம் இல்ல தம்பி. இந்த வாயி நானும் வைப்பேன். பிடியை மெஷின்ல போட்டு, நம்பரும் போட்டிருக்கான் பாருங்க, அங்கதான் ஜெயிச்சுட்டான்.”

நான் தேடிப் படிச்ச வரலாறு முழுக்க அந்த ஒரு பேச்சுல இருந்தது. மலைப் பட்டறை பிழைச்சது அபூர்வமான இரும்பால் இல்லை. இன்னிக்கு வாங்கின அதே கத்தி பத்து வருஷம் கழிச்சும் அதே நம்பரில் கிடைக்கும், வாங்குறவன் கைக்கும் எட்டும். எங்க ஆசாரி அடிச்ச அருவாளுக்கு நம்பரும் கிடையாது, முத்திரையும் கிடையாது. வேணும்னா அவரைத்தான் கேட்கணும். அவருக்கு அப்புறம் அந்த வாயை யார் வைப்பாங்கன்னு எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது.