மரத்துக்கு 1,100 ரூபாய்

பேராவூரணிப் பக்கம் தென்னை ஆதிகாலம் தொட்டு இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. கடலையும் வரகும்தான் விளைந்தன. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. அந்தத் திட்டத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாயை இன்றைக்கும் புது ஆறு என்றுதான் சொல்கிறோம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை தாண்டி இந்த மேட்டு நிலத்துக்குக் காவிரியைக் கொண்டுவந்தது அதுதான். முதலில் நெல் போட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்தும் வராமலும் போகவே, அப்பா தலைமுறை போர் போட்டுத் தென்னைக்கு மாறியது.

தென்னை வந்ததும் அதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. மரம் ஏறுகிறவர், விழுந்த காயைப் பொறுக்கிக் குவிக்கிறவர், உரிக்கிறவர், களத்தில் கொப்பரை காயவைக்கிறவர், மட்டையை ஊறப்போட்டுக் கீற்று முடைகிறவர், லாரியில் ஏற்றுகிறவர், கயிறு ஆலைக்குப் போகிறவர் என்று ஒரு தோப்பு எத்தனையோ அடுப்பை எரியவைத்தது. இவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு மரம்கூடக் கிடையாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை அடித்த புயலில் ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கஜாவில் அறுபதுக்குச் சற்று மேல். முன்னெச்சரிக்கை சரியாக வந்தது, எண்பதாயிரத்துக்கும் அதிகமானோரை முகாம்களுக்கு முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

விடிந்து பார்த்தால் பாதை தெரியவில்லை, மரத்தின் மேல் மரம். நான்கு மாவட்டங்களில் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப வீட்டுக்கு வீடு பணம் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட, உள்கிராமத்துக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். லாரி போகாத வயலில் இடுப்பளவு சேற்றில் இறங்கி, கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அம்மா அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். பாஷை தெரியாது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி" என்று தமிழிலேயே சொல்லிப் பரிமாறினாள்.

பிறகு அதிகாரிகள் மரம் எண்ண வந்தார்கள். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்திருந்தது. நன்றாகக் காய்க்கும் மரம் ஆண்டுக்கு நூறு காய்க்குக் குறையாது. காய் பத்து ரூபாய் என்றாலும் ஒரு வருச வருமானம்தான் அது. புதிதாக வைத்த பிள்ளை பாளை விட ஐந்தாறு வருசம் வேண்டும்.

எங்கள் தோப்பில் இருபது வருசமாக ஏறிய அண்ணன்தான் அன்றைக்குக் கணக்குச் சொன்னார். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த மரங்களில் எது எங்களுடையது, எது பக்கத்துத் தோப்பிலிருந்து வந்து விழுந்தது என்று அடிமரத்தில் கை வைத்துச் சொல்ல அவரால் மட்டுமே முடிந்தது. குருத்து திருகிப்போய் நின்றுகொண்டிருந்த ஒரு மரத்தைக் காட்டி, "சார், இது நிக்குது, ஆனா செத்துப்போச்சு, எழுதிக்கங்க" என்றார். வந்தவர் நல்ல மனிதர், யோசித்துவிட்டு எழுதிக்கொண்டார். மொத்தம் 112 மரம், 1,23,200 ரூபாய். அப்பா பெயரில் வரவானது. பட்டா அப்பா பெயரில்தானே இருக்கிறது. இன்னொருவர் சொத்தை எண்ணிக் கொடுத்த அந்த அண்ணனுக்கு நிவாரணப் பொருள்கள் கிடைத்தன. குடிசைக்கும் ஏதோ கிடைத்தது. தொழில் போனதற்கு ஒன்றும் இல்லை. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

விழுந்த மரத்தை வாங்கவும் ஆள் இல்லை. செங்கல் சூளைக்காரர்கள் சும்மா வாங்குவதுபோன்ற விலைக்குக் கேட்டார்கள். அள்ளாமல் விட்ட மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பித்து நின்றவற்றின் குருத்தையும் குடைந்தது. கீற்று முடையும் பெண்களுக்கு முதல் சில வாரம் மட்டை மலையாகக் குவிந்திருந்தது. பிறகு அறவே இல்லை. அடுத்த கோடைக்குள் தெருவில் பாதிப் பேர் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த அண்ணனும் போனார். பனியன் கம்பெனியில் மூட்டை தூக்குகிறார்.

தென்னங்கன்று மானியம் வந்தது, நாங்களும் வைத்தோம். இப்போது காய்க்கிறது, ஏறத்தான் ஆள் இல்லை. அடுத்த முறை இவர்கள் கணக்கில் விடுபடாமல் இருக்க, யாருடைய தோப்பில் யார் ஏறுகிறார், யார் உரிக்கிறார், யார் முடைகிறார் என்ற பட்டியல் ஒன்றை ஒவ்வொரு ஊராட்சியும் புயல் இல்லாத மாதத்திலேயே எழுதி வைக்கலாம். எங்கள் ஊருக்கு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.