முதல் வாளி: ஒரு விளையாட்டு தனக்குத்தானே விதி வகுத்த கதை



போன வருஷம் எங்கள் வகுப்பறை வாசலில் ஒரு பெட்டி வைத்தேன். "ஒரு புத்தகம் எடு, ஒரு புத்தகம் வை" என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். முதல் வாரம் நல்ல நல்ல கதைப் புத்தகங்கள் வந்தன. மூன்றாவது வாரம் அட்டை கிழிந்த பழைய பயிற்சி நூல்கள். இரண்டாவது மாதம் எட்டிப் பார்த்தால் மிட்டாய்க் காகிதமும் ஒற்றைக் காலுறையும்! படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இது எல்லாருக்கும் சொந்தம்னு சொன்னீங்க. அப்போ யாரு டீச்சர் சுத்தம் பண்றது?"

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொரு விஷயத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பதில் கிடைத்தது. அதுதான் ஜியோகேச்சிங்கின் வரலாறு. யாரோ ஒருவர் காட்டிலோ பூங்காவிலோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியையோ கைப்பேசியையோ வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் ஏட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால், இந்த எளிய விளையாட்டுக்கு எத்தனை விதிகள்! அந்த விதிகள் எப்படி வந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

விளையாட்டுக்கு முன்னே ஒரு விளையாட்டு

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்ற பரந்த மேட்டு நிலம் இருக்கிறது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே நடந்து போய்ச் சேரவே சிரமமான கிரான்மியர் குளம் என்ற இடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். இதிலிருந்து வளர்ந்ததுதான் 'லெட்டர்பாக்சிங்' என்ற பொழுதுபோக்கு. பெட்டிக்குள் ஒரு முத்திரையும் ஓர் ஏடும் இருக்கும். தேடி வந்தவர் முத்திரையைத் தன் ஏட்டில் பதித்துக்கொள்வார். ஒளித்து வைப்பது, தேடுவது, வந்ததற்கு அடையாளம் விட்டுப் போவது ஆகிய மூன்றும் அப்போதே இருந்தன. இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் வழிதான் இல்லை.

2000 மே மாதத்தில் நடந்தது

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க இராணுவம் உருவாக்கிய செயற்கைக்கோள் அமைப்பு. பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்றாலும், அவர்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அதாவது ஏறக்குறைய ஒரு காற்பந்துத் திடலின் நீளம். அந்தத் தூரத்துக்குள் ஒரு சிறிய டப்பாவை எங்கே போய்த் தேடுவது?

2000 மே 1-ஆம் தேதி அதிபர் பில் கிளிண்டன் இந்தப் பிழையை நீக்குவதாக அறிவித்தார். அன்று நள்ளிரவு அது நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகத்தில் உள்ள ஜி.பி.எஸ். கருவிகளெல்லாம் ஏறத்தாழ 10 மடங்கு துல்லியமாகிவிட்டன.

இரண்டே நாள். மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். உள்ளே என்ன இருந்தது? ஒரு குறிப்பேடு, பென்சில், புத்தகங்கள், காணொலி நாடாக்கள், கணினி மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் அவரை. இடத்தின் எண்களை ஜி.பி.எஸ். ஆர்வலர்களின் இணையக் குழுவில் வெளியிட்டார். ஏதாவது எடுத்தால் ஏதாவது வைக்க வேண்டும் என்பதே அவர் போட்ட விதி. மூன்று நாளுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களில் மைக் டீக் என்பவர், மற்றவர்கள் ஒளித்த பெட்டிகளின் எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் தொகுக்கத் தொடங்கினார்.

அந்த மாதமே 'ஜியோகேச்சிங்' என்ற பெயரை மேட் ஸ்டம் என்பவர் முன்மொழிந்தார். செப்டம்பர் 2-ஆம் தேதி ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். அப்போது உலகம் முழுவதும் தெரிந்த பெட்டிகள் 75 மட்டுமே. இன்று 30 இலட்சத்துக்கும் மேல்!

முதல் வாளி இன்று செல்லாது

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். உல்மரின் அந்த முதல் வாளியை இன்று யாராவது அப்படியே பதிவு செய்யப் போனால், விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

முதல் காரணம், அது பாதி புதைக்கப்பட்டிருந்தது. இன்று பொதுவாகப் பெட்டி வைக்கக் குழி தோண்டக் கூடாது. ஒரு பெட்டி புதைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், தேடி வருபவர்களும் தோண்டத் தொடங்குவார்கள். பத்துப் பேர் பத்து இடத்தில் தோண்டினால் பூங்கா என்னாவது? நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் சும்மா இருப்பார்களா?

இரண்டாவது, உள்ளே உணவு இருந்தது. டின்னில் அடைத்ததாயிற்றே என்று கேட்கலாம். ஆனால், பெட்டிக்குள் உணவே வேண்டாம் என்பதுதான் விதி. வாசனை பிடித்து வரும் விலங்குகள் பிளாஸ்டிக் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். வாசனைச் சவர்க்காரம், மெழுகுவத்தி போன்றவற்றைக்கூட அனுபவசாலிகள் வைப்பதில்லை.

மூன்றாவது, அந்த வாளிக்கு நேர்ந்த கதி. கடைசியில் ஒரு புல்வெட்டும் இயந்திரம் அதன்மேல் ஏறி நாசமாக்கிவிட்டது. தப்பித்தது அந்த அவரை டின் மட்டும்தான்! ஆர்வலர்கள் அதைப் போற்றிப் பாதுகாக்கிறார்கள். வாளி இருந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

ஆரம்பித்தவர் தவறு செய்தார் என்று சொல்ல வரவில்லை. விதியே இல்லாத நாளில் வைத்த பெட்டி அது. சட்டமன்றம் கூடி எழுதிய விதிகள் இல்லை இவை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அனுபவத்துக்குப் பிறகு பிறந்தது.

வைத்தவர் போய்ப் பார்க்க வேண்டும்

என் மாணவனின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. பெட்டியை வைத்ததோடு அவருடைய வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மழைத் தண்ணீர் புகுந்து ஏடு நனையும், மூடி உடையும், ஏடு நிரம்பிவிடும், விஷயம் தெரியாத வழிப்போக்கர் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார். (இப்படிப்பட்டவர்களை 'மகிள்' என்று செல்லமாகச் சொல்வார்கள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாதவர்களுக்கு உள்ள பெயர் அது.) இதையெல்லாம் சொந்தக்காரர்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும். அதனால்தான் விடுமுறைக்குப் போன ஊரில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு வீடு திரும்புவதை ஏற்பதில்லை. போய்ப் பார்க்க முடியாத பெட்டியை வைக்காதே என்பதே அதன் பொருள்.

பெட்டியில் குறை இருப்பதாகத் தகவல் வந்தும் சொந்தக்காரர் கவனிக்கவில்லை என்றால், தன்னார்வ மேற்பார்வையாளர் அந்தப் பதிவைத் தற்காலிகமாக நிறுத்துவார். பொதுவாக ஒரு மாத அவகாசம். அதற்கும் பதில் இல்லையென்றால் பதிவு நிரந்தரமாக மூடப்படும். சொந்தக்காரரால் இனி முடியாது என்றால் இன்னொருவருக்குத் 'தத்து' கொடுக்கலாம்.

ஆர்வலர்களிடையே நிறைய வாக்குவாதத்தைக் கிளப்பிய பழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் தேடிப் போகிறார், பெட்டி கிடைக்கவில்லை. காணாமல் போயிருக்கும் என்று முடிவு செய்து, தன் பையிலிருந்து ஒரு பழைய ஃபிலிம் டப்பாவை எடுத்து அங்கே வைத்துவிட்டு, "கண்டுபிடித்தேன்" என்று பதிவு போட்டுவிடுகிறார். உதவிதானே செய்தார் என்று தோன்றும். ஆனால், உண்மையான பெட்டி இரண்டடி தள்ளி வேர்களுக்கு இடையில் பத்திரமாக இருக்கலாம். இப்போது ஒரே இடத்தில் இரண்டு டப்பா! புது டப்பாவை யார் பராமரிப்பார்? சொந்தக்காரருக்கு அது தெரியாது. வைத்தவர் திரும்ப வரமாட்டார். கேட்காமல் செய்த உதவி இன்னொருவர் தலையில் விழும் வேலையாகிவிடுகிறது.

தேடுபவரின் நாகரிகம்

தேடி வருபவருக்கும் கடமைகள் உண்டு. ஏட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல பொருளை வைக்க வேண்டும். எங்கள் வகுப்புப் பெட்டியில் இல்லாமல் போனது இந்த விதிதான்! "ஏதாவது வை" என்றால் காலுறையும் 'ஏதாவது' தானே? எண் பொறித்த பயணப் பொருள்கள் சில பெட்டிகளில் இருக்கும். அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே மறைத்துவிட்டு வர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையும் பதிவு செய்ய வேண்டும். பலர் வெட்கப்பட்டு எழுதாமல் விட்டுவிடுவார்கள். ஆனால், நாலு பேர் வரிசையாகக் "கிடைக்கவில்லை" என்று எழுதினால்தான் சொந்தக்காரருக்குச் சந்தேகம் வந்து போய்ப் பார்ப்பார். தோல்வியை மறைக்காமல் சொல்வதும் ஒரு பராமரிப்புத்தான்.

நிலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு

ஆட்கள் பெருகப் பெருக நிலத்தோடும் ஊரோடும் உரசல் வந்தது. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் பெட்டி வைக்க முடியாது. அங்கே அது கேட்பாரற்று விடப்பட்ட பொருளாகவே கருதப்படும். பாதையை விட்டு விலகி மிதிப்பதால் செடிகொடிகள் அழியும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. இதற்கு ஆர்வலர்கள் சண்டை போட்டிருக்கலாம். ஆனால், 2004-இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தோடு சேர்ந்து 'எர்த்கேச்' என்ற புது வகை வந்தது. இதில் பெட்டியே கிடையாது. அந்த இடத்துக்குப் போய்ப் பாறையையோ மண்ணடுக்கையோ கவனித்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். அதற்கும் முன்பே, 2002 முதல், பெட்டி தேடப் போகும்போது வழியில் கிடக்கும் குப்பையையும் பொறுக்கிக்கொண்டு வரும் இயக்கம் நடக்கிறது. நம்ம ஊர் கோத்தோங் ரோயோங் மாதிரிதான்.

பெட்டிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓரிடத்தை நிறைத்துவிடாமல் இருக்க, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு, இடைவெளி வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

நகரத்தில் வேறு பிரச்சினை. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் ஒரு காப்பிக் கடைக்கு வெளியே இருந்த சின்னப் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, இராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கச் செய்தார்கள். பிறகுதான் அது ஜியோகேச்சிங் பெட்டி என்று தெரிந்தது. நிலத்துக்குரியவரிடம் அனுமதி கேள், இது என்ன பெட்டி என்று வெளியே எழுதி ஒட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும்.

வரலாறாக எப்படிப் படிப்பது?

மாணவர்களே, வரலாற்றுக் கட்டுரையில் ஆண்டுகளை வரிசையாக அடுக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு காரணம், அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஒரு சம்பவம். அதை இணைத்துக் காட்டும்போதுதான் கட்டுரைக்கு உயிர் வரும்.

எங்கள் வகுப்புப் பெட்டி என்ன ஆயிற்று? இந்த வருஷம் திரும்பவும் வைத்திருக்கிறோம். அட்டையில் இரண்டு வரி மாறியிருக்கிறது. "எடுத்ததற்குச் சமமானதை வை" என்பது ஒன்று. அதன் கீழே, "இந்த மாதம் பெட்டிக்குப் பொறுப்பு" என்று எழுதி ஒரு மாணவரின் பெயர். முதல் மாதம் யார் பெயர் போட்டேன் என்று நினைக்கிறீர்கள்? கேள்வி கேட்டவன் பெயரைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். எல்லாருக்கும் சொந்தமான ஒன்று நிலைக்க வேண்டுமானால், அதைப் போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும்.

வகுப்பில் கலந்துரையாட

1. 2000 மே 1-ஆம் தேதி அறிவிப்பு இல்லாவிட்டால் இந்த விளையாட்டு உருவாகியிருக்குமா? காரணங்களுடன் விளக்குக.
2. முதல் வாளி இன்றைய விதிகளின்படி ஏற்கப்படாததற்கு இரண்டு காரணங்களை எழுதி, அவ்விதிகளின் தேவையை விளக்குக.
3. "கேட்காமல் செய்யும் உதவி சில நேரம் தொல்லையாகும்." கட்டுரையிலிருந்து ஒன்றும் உங்கள் அனுபவத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு சான்றுகள் தருக.
4. உங்கள் பள்ளியிலோ தாமானிலோ எல்லாருக்கும் பொதுவான ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மூன்று விதிகளை எழுதுக. ஒவ்வொரு விதிக்கும் காரணமான சம்பவத்தையும் குறிப்பிடுக.